கிங்டம் படங்கள்: சின் நாட்டுக் கதையை ஜப்பானியர் சொன்னால் அது யாருடைய கதை?

#1 வேம்படியான்

விடுமுறைக்கு வந்த அக்கா மகனோடு உட்கார்ந்து 'கிங்டம்' படங்கள் நான்கையும் ஐந்தே நாளில் பார்த்து முடித்தேன். 2019, 2022, 2023, 2024 என்று வந்த நான்கு படங்கள். ஹாரா யசுஹிசா 2006 முதல் 'யங் ஜம்ப்' வார இதழில் வரைந்துவரும் மங்காதான் (ஜப்பானியப் படக்கதை) மூலம். நான்கையும் இயக்கியவர் சாதோ ஷின்சுகே.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கதை கி.மு. மூன்றாம் நூற்றாண்டுச் சீனாவில் நடக்கிறது. ஏழு நாடுகள் ஒன்றையொன்று விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்த காலம். சின் நாட்டில் இரண்டு அடிமைச் சிறுவர்கள், ஷின், ஹியோ. மாபெரும் தளபதிகள் ஆவோம் என்று மரக்கத்தி வைத்துக்கொண்டு தினமும் மோதிப் பழகுகிறார்கள். ஹியோவை அரண்மனைக்கு அழைத்துப் போகிறார்கள், ஏனென்றால் அவன் முகம் இளம் அரசனின் முகம். அரசனுக்குப் பதிலாக அவன் சாகிறான். ஷின் அந்த அரசனைத் தேடிப் போனால், செத்துப்போன நண்பனின் அதே முகம் எதிரே நிற்கிறது. அந்த அரசன்தான் பின்னால் முதல் பேரரசன் ஆகப்போகும் யிங் ஜெங்.

எனக்குப் படங்கள் பிடித்தன. அரசனாகவும் ஹியோவாகவும் யோஷிசாவா ரியோ ஒருவரே நடிக்கிறார். ஒரே முகம்தான், ஆனால் ஹியோ சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும், அரசன் சிரிக்கவே மாட்டான். அதற்காக அவருக்கு ஜப்பான் அகாடமியின் துணை நடிகர் விருது கொடுத்தது சரிதான்.

ஆனால் ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. காதில் "எய் செய்" என்று விழுகிறது, நான் பார்த்த வசனவரியில் "யிங் ஜெங்" என்று ஓடுகிறது. காதில் "ஓகி", கீழே "வாங் சி". முதல் அரைமணி நேரம் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. பையன் கேட்டான்: "மாமா, இவங்க ஜப்பான்காரங்களா, சீனாக்காரங்களா?" சீனாக்காரர்களாக நடிக்கும் ஜப்பான்காரர்கள் என்றேன். அவன் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை.

இந்த மாதிரிப் படங்களை எப்படி எடுத்துக்கொள்வது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 முத்துச்சிப்பி

பெயர் விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன் அண்ணா.

சீன எழுத்தை வாங்கியபோதே ஜப்பானியர் அந்தக் காலச் சீன உச்சரிப்பையும் சேர்த்து வாங்கி, தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. கன்பூசியஸ் அவர்களுக்குக் 'கோஷி'. பள்ளிப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லும். ஆகவே 'எய் செய்' என்பது இந்தப் படத்துக்காக மாற்றிய பெயர் இல்லை, பல நூற்றாண்டாக ஜப்பானிய நாவில் ஊறிய பெயர். நம் கம்பர் லட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் எழுதியபோது யாரும் அயல் பெயராக உணரவில்லையே, அதே கதைதான்.

இதில் எனக்குப் பிடித்த ஒன்று. நாயகன் பெயர் ஜப்பானிய வாயில் 'ஷின்'. சின் நாட்டின் பெயரும் ஜப்பானிய வாயில் 'ஷின்'தான். எழுத்து வேறு, ஒலி ஒன்றே. சீனத்தில் இரண்டும் வேறு வேறு ஒலிகள். ஒரு அடிமைப் பையனும் ஒரு நாடும் ஒரே பெயரில் அழைக்கப்படுவது ஜப்பானியக் காதுக்கு மட்டுமே கேட்கும். வசனவரியை மட்டும் நம்பினால் அது நம் கைக்கு வராமலே போய்விடும். எனவே வசனவரியில் எந்தப் பெயர் இருந்தாலும் காதில் விழுவதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

#3 குதிரைவாலி

பெயரை விடுங்கள். எனக்குப் பெரிய தடை பொருள்கள்தான்.

அந்தக் காலத்தில் அங்கவடி, அதாவது குதிரைமேல் இருப்பவர் கால் வைக்கும் வளையம், கிடையாது. ஷியானுக்குப் பக்கத்தில் 1974இல் கண்டெடுத்த, முதல் பேரரசனின் கல்லறைக்காகச் செய்த சுடுமண் படையில் சேணம் போட்ட குதிரைகள் இருக்கின்றன. சேணம், வார் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள், அங்கவடி மட்டும் இல்லை. அது சீனாவில் பரவலாக இன்னும் ஐந்தாறு நூற்றாண்டு ஆகும். தொடையால் குதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் அவர்கள். படத்திலோ தளபதி ஓகி குதிரைமேல் இருந்தபடி ஆள் உயரக் கழிவாளை ஒரு கையால் சுழற்றுகிறார், நாலு பேர் காற்றில் பறக்கிறார்கள். சின் படையின் உண்மையான பலம் குறுக்குவில். அந்தச் சுடுமண் படை கிடைத்த குழிகளில் அதன் வெண்கல விசைகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ஒரே அச்சில் வார்த்ததுபோல ஒழுங்கான படை, ஒழுங்கான ஆயுதம், ஒழுங்கான தண்டனை. சின் வென்றது அப்படித்தான். தனி வீரன் கூட்டத்தைப் பிளந்து போவது சின் கதையே இல்லை.

இரண்டாம் படத்தில் ஒன்று மட்டும் சரியாகச் செய்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. ஷின் முதன்முதலாகப் போருக்குப் போகும்போது அவனை ஐந்து பேர் கொண்ட குழுவில் சேர்க்கிறார்கள். யாரும் கூப்பிடாமல் கடைசியில் மிஞ்சியவர்கள் சேர்ந்து ஒரு குழு. ஐந்து பேர் குழு என்பது சின் நாட்டில் உண்மையாகவே இருந்த ஏற்பாடு. ஒருவன் ஓடினால் மற்ற நால்வருக்கும் தண்டனை. அந்த பயத்தைப் படம் காட்டவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு வெய் நாட்டுத் தேர்ப்படைக்கு எதிரே நிற்கும் இடம் எனக்கு நம்பும்படி இருந்தது.

#4 நெடுவாடை

நான் கவாசாகியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். வேம்படியான் அண்ணன் கேள்விக்கு இங்கிருந்து பார்த்தால் பதில் கொஞ்சம் வேறு.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் பழஞ்சீன உரைநடை ஒரு பாடம். 'கன்புன்' என்பார்கள். சீன வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் சின்னக் குறிகள் போட்டு, சொற்களை முன்பின் மாற்றி ஜப்பானியமாகவே வாசிப்பார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், மேசையில் கிடந்த தாளில் ஒரு வரியை எழுதி, குறி போட்டு, வாய்விட்டு வாசித்துக் காட்டினார். சீன எழுத்தைப் பார்த்துக்கொண்டே வாய் ஜப்பானியம் பேசியது. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, இவர்களுக்குப் பழஞ்சீனம் வெளியூர் இல்லை. சீமா சியன் எழுதிய பழஞ்சீன வரலாற்று நூலான 'ஷிஜி' இவர்களுக்கு 'ஷிகி'. மூன்று நாடுகளின் கதையை யொகோயாமா மித்சுதெரு 60 தொகுதி மங்காவாக 1971 முதல் 1987 வரை வரைந்தார். அதைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்று பாட்டன்மார் ஆகிவிட்டது. அந்த வரிசையில் வந்தவர்தான் ஹாரா.

எனவே 'யாருடைய கதை' என்று கேட்டால், இவர்களும் தங்களுடையது என்றே நினைக்கிறார்கள். உரிமை கொண்டாடுவதாக எனக்குப் படவில்லை. படித்து வளர்ந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. நிலம் பொய் இல்லை. முதல் படத்தின் அரண்மனையும் பெருவெளியும் ஜெஜியாங் மாகாணத்தின் ஷியாங்ஷான் படப்பிடிப்பு நகரில் எடுத்தவை. நடிகர்களே அங்கே போய் நடித்தார்கள். அரண்மனைப் படிக்கட்டின் அகலத்தைப் பாருங்கள், அதை ஜப்பானில் கட்டியிருந்தால் அந்த அளவு வந்திருக்காது.

#5 செந்நாரை

எல்லோரும் அங்கவடி, பெயர் என்று பேசுகிறீர்கள். எனக்கு வயிற்றைப் புரட்டியது வேறு.

கி.மு. 260, சாங்பிங். சின் படை சாவ் நாட்டுப் படையைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டது. சரணடைந்தவர்களைத் தளபதி பாய் சீ கொன்று புதைத்தார். சீமா சியன் எழுதியபடி போரில் செத்தவர்களும் புதைக்கப்பட்டவர்களும் சேர்த்து நாலு லட்சத்துக்கும் மேல். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு, நடக்கவில்லை என்று சொல்பவர் இல்லை. சாவ் நாட்டின் தலைநகர் ஹான்தானில்தான் அடுத்த வருடம் யிங் ஜெங் பிறந்தான், பணயமாக வைக்கப்பட்டிருந்த சின் இளவரசனின் மகனாக.

மூன்றாம் படம் அந்தப் பிள்ளைப் பருவத்தைக் காட்டுகிறது. தெருவில் அடிக்கிறார்கள், கல்லெறிகிறார்கள். சுவை, மணம், வலி எதுவும் உறைக்காத நிலைக்குப் பிள்ளை போய்விடுகிறான். ஷிகா என்ற சாவ் நாட்டு வணிகப் பெண் அவனைக் கடத்திக் காப்பாற்றி, அம்பைத் தன் உடம்பில் வாங்கிச் சாகிறாள். அவள் சொன்ன சொல்லால்தான் போரே இல்லாத ஒரே நாடு வேண்டும் என்று அவன் முடிவெடுக்கிறான். நானும் அழுதேன்.

அழுது முடித்தபிறகுதான் உறைத்தது. நாலு லட்சம் பேர் செத்த கதையில் நாம் யாருக்காக அழுதோம்? கொன்ற நாட்டின் இளவரசனுக்காக. புதைக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் அந்தப் படத்தில் கல்லெறியும் கூட்டமாக மட்டும் வருகிறார்கள்.

#6 வேம்படியான்

செந்நாரை, இதை நான் யோசிக்கவே இல்லை. அந்தக் காட்சியில் பையனும் நானும் ஷிகா பிழைத்துவிட வேண்டும் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

#7 முத்துச்சிப்பி

செந்நாரை அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஷிகா பகுதியைப் பற்றி நான் கொஞ்சம் வாதாட வேண்டும்.

அந்தப் பகுதி வெறும் அனுதாபத்துக்காக வைத்தது இல்லை என்று நினைக்கிறேன். அவனைக் காப்பாற்றுபவள் எதிரி நாட்டுக்காரி. வீட்டுக்கு ஓர் ஆளையாவது போருக்குப் பறிகொடுத்த ஊரில் இருந்துகொண்டு, 'இந்தப் பிள்ளை என்ன செய்தான்' என்று கேட்கும் ஒரே ஆள் அவள். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஆன் குரலை உயர்த்தவே இல்லை. அப்புறம், இந்தக் கதையை அரசன் எப்போது சொல்கிறான் என்று பாருங்கள். அவனுடைய மிகப் பெரிய தளபதி, 'எதற்காக இந்த நிலம் முழுக்க வேண்டும் உனக்கு' என்று கேட்கும்போது. போருக்குப் போகும் முன் படைத்தலைவன் அரசனிடம் காரணம் கேட்கிறான். காரணம் சொல்லாமல் ஆள் அனுப்ப முடியாது என்ற இடத்தில் அரசனை நிறுத்துகிறார்கள். வெற்றிக் கொண்டாட்டமாக எடுத்த படத்தில் இந்தக் கேள்வியே இருக்காது.

திரைக்கதையில் ஹாராவின் பெயரும் இருக்கிறது. மங்காவில் பின்னால் வர வேண்டிய கேள்விகளுக்கு இப்போதே விதை போடுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

#8 செந்நாரை

முத்துச்சிப்பி, காரணம் கேட்கிற தளபதி என்று சொன்னீர்கள் அல்லவா, அங்கேயே வருகிறேன்.

ஓகி என்பவர் 'ஷிஜி'யில் வாங் யீ என்ற பெயரில் ஓரிரு வரிகளில் மட்டும் வரும் தளபதி. கி.மு. 244இல் இறந்தார் என்ற செய்தியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் சாங்பிங்கில் முதலில் சின் படையை நடத்தி, பிறகு பாய் சீக்குத் துணைத் தளபதியாக இருந்தவர் வாங் ஹே. இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற கருத்து பழைய உரைகளிலேயே உண்டு. அது சரியாக இருந்தால், ஓகி அந்தக் குழிகளின் ஓரத்தில் நின்ற மனிதர். நான்காம் படத்தில் அவர் ஏங்கி ஏங்கி நினைக்கும் பழைய அரசன் யார்? 56 வருடம் ஆண்ட சாவ்ஷியாங். சாங்பிங் நடந்தது அவர் ஆட்சியில். குசகாரி மசாவோ அவரைப் பொன்னிற வெளிச்சத்தில் தெய்வம்போல் நடிக்கிறார். அந்த வெளிச்சம் எனக்குக் கூசுகிறது.

இன்னும் ஒன்று. கி.மு. 228இல் சாவ் விழுந்ததும் யிங் ஜெங் தானே ஹான்தானுக்குப் போனான். தன் பிள்ளைப் பருவத்தில் தாய் வீட்டாரோடு பகை கொண்டிருந்தவர்களைத் தேடிப்பிடித்து உயிரோடு புதைக்கச் சொன்னான். இதுவும் சீமா சியன்தான். அந்தக் கல்லெறிந்த தெருவுக்கு அவன் திரும்பி வந்தான் என்று அர்த்தம். ஷிகா அவனை மன்னிக்கக் கற்றுக்கொடுத்தாள் என்று படம் சொல்கிறது. பதிவு வேறு சொல்கிறது.

நான் படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நானே ஐந்தாவது வந்தால் முதல் ஆளாகப் பார்ப்பேன். இதைத் தெரிந்துகொண்டு பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

#9 குதிரைவாலி

இந்த இடத்தில் 'மோ கோங்' பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2006இல் வந்தது. சகெமி கெனிச்சியின் ஜப்பானிய நாவல், அதை வைத்து மொரி ஹிதெகி வரைந்த மங்கா, அந்த மங்காவை ஹாங்காங் இயக்குநர் ஜேக்கப் செங் சீன மொழியில் படமாக்கினார். ஹாங்காங், சீனா, ஜப்பான், கொரியா நாலும் சேர்ந்த தயாரிப்பு. ஆண்டி லாவ் நாயகன். இசை கவாய் கென்ஜி.

சாவ் நாட்டுப் பெரும்படை லியாங் என்ற சின்ன நகரத்தை நோக்கி வருகிறது. நகரம் பழஞ்சீனச் சிந்தனையாளர் மோசியின் வழிவந்தவர்களிடம் உதவி கேட்கிறது. படை வரும் என்று பார்த்தால் வந்தது ஒரே ஒரு மனிதன். எல்லோரையும் ஒன்றுபோல் நேசி, நீயாகப் போய்த் தாக்காதே, தாக்கப்படுபவனைக் காத்து நில் என்பதுதான் மோசியின் போதனை. அந்த ஒற்றை ஆள் மதில், சுரங்கம், நெருப்பு, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக யோசித்து நகரைக் காக்கிறான். ஆனால் காக்கும் ஒவ்வொரு முறையும் எதிரில் எத்தனை பேர் எரிந்தார்கள் என்பதைத் திரும்பிப் பார்க்கிறான். படம் அந்தப் பார்வையை விட்டு விலகுவதே இல்லை.

இங்கே நடிகர்கள் சீனம் பேசுகிறார்கள், நிலம் சீனா, எல்லாம் 'சரியாக' இருக்கிறது. ஆனாலும் இந்தக் கதை பிறந்தது ஜப்பானிய எழுத்தாளரின் மேசையில். நான் மேலே பொருள்களைப் பற்றிப் பொருமினேன். செந்நாரை எழுதியதைப் படித்தபிறகு எனக்கே தோன்றுகிறது, பொருளும் மொழியும் இரண்டாம் பட்சம். போரில் யார் பக்கம் கேமரா நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. 'மோ கோங்' தாக்கப்படுபவன் பக்கம் நிற்கிறது. 'கிங்டம்' மேலே ஏறுபவன் பக்கம்.

#10 பனங்காடை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜப்பானியர் பிற நாட்டவராக நடிப்பது என்றால் 2012இல் வந்த 'தெர்மே ரோமே'யையும் பாருங்கள். அபே ஹிரோஷி பழைய ரோமானியராகவே வருவார். ரோமிலேயே, சினெசித்தா அரங்கில் எடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். முகமும் மொழியும் பழகுவதற்கு நேரம் ஆகாது என்பதற்கு அதுவே சாட்சி.

#11 நெடுவாடை

செந்நாரை சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டபிறகும், ஓகியாக நடித்த ஓசாவா தகாவோவைப் பற்றி நான் எழுதாமல் போக முடியாது.

மங்காவில் ஓகி நம்பவே முடியாத உருவம். தடித்த உதடு, பெண்மை கலந்த நெளிவான பேச்சு, மலை மாதிரி தோள். தாளில் வரையலாம், மனிதன் நடித்தால் கேலிக்கூத்தாகிவிடும். ஓசாவா அதற்காக உடம்பை ஏற்றி, பேச்சை மட்டும் மெதுவாக்கினார். மூக்கால் வரும் அந்த "ம்ஃபூஃபூ" சிரிப்பு முதல் படத்தில் விசித்திரமாக இருக்கும். நான்காம் படத்தில் அந்தச் சிரிப்பு வராதா என்று நாம் காத்திருப்போம்.

நான்காம் படத்தைத் திரையரங்கில் பார்த்தேன், 2024 ஜூலை. கிக்காவா கோஜி நடித்த எதிரித் தளபதி ஹோகென்னோடு ஓகி மோதுகிறார், ஜெயிக்கப் போகிறார், முதுகில் ஒரு அம்பு. ஈட்டி மார்பில் இறங்கியபிறகும் அவர் குதிரையை விட்டு விழவில்லை. ஷின்னைத் தன் குதிரையில் ஏற்றி, கடிவாளத்தை அவன் கையில் கொடுத்து, இங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கச் சொல்கிறார். எதிரிகள், தன் ஆட்கள், வானம், நிலம். தளபதியின் கண்ணுக்குத் தெரிவது இதுதான் என்கிறார். கேமரா அந்த உயரத்திலிருந்தே பார்க்கிறது. அரங்கத்தில் சோளப்பொரி கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டார். படம் ஜப்பானில் சுமார் 800 கோடி யென் வசூலித்தது. அனிமேஷன் அல்லாத ஜப்பானியப் படங்களில் அந்த வருடம் அதுவே முதலிடம்.

மங்கா ஓகியை எப்படி வரைந்ததோ அந்த மிகையை ஒளிக்காமல் நடித்ததால்தான் அது நிஜமானது. படம் முழுக்கவே அப்படித்தான். சுடுமண் படையைப் போல எடுக்க முயன்றிருந்தால் தோற்றிருக்கும்.

#12 செந்நாரை

நெடுவாடை அண்ணா, அந்தக் காட்சியில் நானும் அசையவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதினேன். பிடிக்காத படமாக இருந்தால் இரண்டு வரியோடு போயிருப்பேன்.

குதிரையின் உயரம் என்றீர்கள். இந்த ஷின் வரலாற்றில் லீ ஷின். சூ நாட்டைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று யிங் ஜெங் கேட்டபோது, இரண்டு லட்சம் போதும் என்றவன் இவன். மூத்த தளபதி வாங் ஜியான் ஆறு லட்சம் கேட்டார். அரசன் இளையவனை நம்பி அனுப்பினான். ஷியாங் யானிடம் தோற்று, படையைப் பறிகொடுத்துத் திரும்பினான். குதிரை மேலிருந்து எல்லாம் தெரிகிறது என்று கற்றுக்கொண்ட பையனுக்கு அன்று எது தெரியாமல் போனது? மங்கா 70 தொகுதியைத் தாண்டியும் அங்கே போகவில்லை. நான்கு படமும் சேர்ந்து 16ஆம் தொகுதியில்தான் நிற்கின்றன. அந்தத் தோல்வியை எப்படி வரையப் போகிறார் ஹாரா என்று பார்க்கத்தான் நான் காத்திருக்கிறேன்.

#13 வேம்படியான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பையனிடம் சாங்பிங் கதையைச் சொன்னேன். எண்ணிக்கையைச் சொன்னபோது நம்பவில்லை, எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்தான். பிறகு நான்காம் படத்தில் ஒரு இடத்தைத் திரும்பப் போடச் சொன்னான்.

ஓகி சாகும் இடம் இல்லை. அதற்கு முன்னால், இரவில் ஹோகென் வந்து ஷின்னின் நூறு பேர் படையைச் சிதறடித்தபிறகு வருவது. பீதோ என்ற சாதாரண ஆள், ஷின்னின் ஊர்க்காரன், அந்த ஐந்து பேர் குழுவிலேயே இருந்தவன். மயங்கிக் கிடக்கும் ஷின்னை முதுகில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறான். அவனுக்கும் காயம், ஆனால் சொல்லவில்லை. ஓரிடத்தில் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான். நீ தளபதி ஆவாய் என்கிறான். விடிந்து பார்த்தால் ஷின் உயிரோடு இருக்கிறான், பீதோ இல்லை.

பையன் அங்கே நிறுத்தி, "இவர் பேர் புத்தகத்துல இருக்குமா மாமா, அந்தப் பழைய சீனப் புத்தகத்துல?" என்று கேட்டான். இருக்காது, அரசன் பெயரும் தளபதிகள் பெயரும்தான் இருக்கும் என்றேன். அப்ப இவரை வரைஞ்சவருதான் இவருக்குப் பேர் வச்சாரா என்றான். ஆமாம் என்றேன்.

இன்று மாலை 'மோ கோங்' போடுகிறோம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.